காற்றிலிருந்து நீருக்கு: கைமாறும் போர்ஷே 911 கார்களில் பழையதும் புதியதும்

அன்றாடப் போக்குவரத்துக்கான காரைக் கைமாறிய நிலையில் வாங்குவோருக்கு அதன் வயதைப் பற்றிய முடிவு பெரும்பாலும் எளிது. கையில் உள்ள பணத்துக்கு எட்டுகிறவற்றுள் பிந்தைய ஆண்டைச் சேர்ந்ததும் குறைவாக ஓடியதும் எதுவோ, அதை எடுத்துக்கொண்டால் போதும். ஸ்போர்ட்ஸ் கார்களில் இந்தக் கணக்கு செல்லுபடியாவதில்லை. அங்கே மூத்த வடிவம் இளைய வடிவத்தைவிட விலை கூடியதாக இருப்பதும், இளையது மூத்ததைவிட விரைவில் பழுதாவதும், இரண்டுக்கும் இடைப்பட்ட ஒன்று இரு தரப்பாலும் ஒதுக்கப்படுவதும் வழக்கமாக நடப்பவை. ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நகரில் உருவாகும் போர்ஷே 911 இதற்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு. 1963-இல் அறிமுகமாகி இன்றுவரை ஒரே பெயரில், ஒரே அடிப்படை அமைப்பில் தயாராகிவரும் அந்தக் காரில், ஒரு தலைமுறையை அடுத்த தலைமுறையோடு நேருக்கு நேர் வைத்துப் பார்ப்பதற்கு வேறெந்தக் காரிலும் இல்லாத வாய்ப்பு உண்டு.

1997-இல் தயாரான 993 வகைக் காரும் 1999-இல் தயாரான 996 வகைக் காரும் ஒரே தரத்திலான நிலையில், ஒரே தூரம் ஓடியவையாகச் சந்தைக்கு வந்தால், மூத்ததாகிய 993 மற்றதைவிட இரண்டு மடங்குக்கும் மேலான விலைக்குப் போகிறது. அதற்குப் பிறகு வந்த 997 வகையின் பிற்பகுதிக் கார்களிலோ விலை மீண்டும் ஏறுகிறது. ஆக, தலைமுறைகளை வரிசையாக நிறுத்தினால் விலைக்கோடு நடுவில் பள்ளமாக விழுந்து எழுகிறது. அந்தப் பள்ளத்தின் ஒரு பகுதி என்ஜினில் இருந்த உண்மையான குறைகளால் உண்டானது. மறுபகுதி தோற்றத்தின் மீது எழுந்த வெறுப்பாலும் பழைமையின் மீதுள்ள பற்றாலும் உண்டானது. வாங்க நினைப்பவர் இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காதவரை எந்தத் தலைமுறை தமக்கு ஏற்றது என்ற கேள்விக்கு விடை கிடைக்காது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

முதலில் அமைப்பைச் சுருக்கமாகப் பார்க்கலாம். 911-இன் என்ஜின் ஆறு சிலிண்டர் கொண்டது. மூன்று மூன்றாக இருபுறமும் எதிரெதிரே படுத்த நிலையில் அமைந்த அது, பின் அச்சுக்கும் பின்னால் தொங்கும்படி பொருத்தப்பட்டிருக்கிறது. 1963 செப்டம்பரில் பிராங்பர்ட் கண்காட்சியில் 901 என்ற பெயரில் வைக்கப்பட்ட முதல் கார், நடுவில் சுழியம் கொண்ட மூவெண் பெயர்களின் மீது பிரான்சில் பெஜோ நிறுவனம் உரிமை கொண்டாடியதால் 911 ஆயிற்று. இரண்டு லிட்டர் கொள்ளளவும் 130 குதிரைத்திறனும் கொண்ட அந்த என்ஜின், ரேடியேட்டர் இல்லாமல், பெரிய விசிறி ஒன்று சிலிண்டர்களின் மீது வீசும் காற்றாலும் உள்ளே சுற்றிவரும் ஏராளமான ஆயிலாலும் குளிர்ந்தது. இதையே காற்றுக்குளிர்வு என்கிறார்கள். ஆயில் என்ஜினின் அடியில் தேங்காமல் தனித்தொட்டி ஒன்றில் நிற்பதும், அதன் மொத்த அளவு பெரிதாக இருப்பதும் இந்த மரபின் கடைசிக் கார்வரை தொடர்ந்தன.

அந்தக் கடைசிக் காற்றுக்குளிர்வுத் தலைமுறையே 993. 1993-இல் வெளியான அதற்கு 3.6 லிட்டர் என்ஜினும் தொடக்கத்தில் 272 குதிரைத்திறனும் இருந்தன. காற்று உள்ளிழுக்கும் குழாயின் நீளத்தை என்ஜினின் வேகத்துக்கு ஏற்ப மாற்றும் வாரியோராம் என்ற அமைப்பு 1996-ஆம் ஆண்டு வடிவத்தில் சேர்ந்தபோது அது 285 ஆயிற்று. பழைய 911-கள் திருப்பத்தின் நடுவே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் வீசிச் சுழலும் இயல்புடையவை. 993-இல் பின்சக்கரங்களைப் பல இணைப்புத் தண்டுகளால் தாங்கும் புதிய அமைப்பு வந்ததும் அந்த அபாயம் பெருமளவு அடங்கியது. பழைய உருவமும் புதிய அடித்தளமும் ஒரே காரில் கூடிவந்த இந்தக் கட்டத்தைப் பலரும் 911-இன் உச்சமாகக் கருதுவதில் நியாயம் உண்டு. 1998 மார்ச் 31-ஆம் நாள் அதன் உற்பத்தி நின்றது. அன்றோடு காற்றுக்குளிர்வு 911-இன் காலமும் முடிந்தது.

எண்ணிக்கையில் இனி கூடவே முடியாத பொருள் என்பதால் அதன் விலை ஏறுவது இயல்பு. ஆனால் விலையை உயர்த்திய காரணங்களுள் காரின் தகுதியோடு தொடர்பில்லாதவையும் உள்ளன. ராப் டிக்கின்சன் கலிபோர்னியாவில் 2009-இல் தொடங்கிய சிங்கர் நிறுவனம், 993-க்கு முந்தைய 964 வகைக் கார்களை எடுத்து முற்றிலும் புதுப்பித்து மிக உயர்ந்த விலைக்குக் கொடுக்கத் தொடங்கிய பின், காற்றுக்குளிர்வு 911 என்றாலே சேகரிப்போர் தேடும் பொருள் என்ற எண்ணம் பரவியது. இதன் விளைவு வாங்குபவரைத் தொடுகிறது. விலை ஏற ஏற அந்தக் கார்கள் ஓட்டப்படுவது குறைகிறது. ஓட்டப்படாத காரில் ரப்பர் சீல்கள் காய்கின்றன, பெட்ரோல் குழாய்கள் வெடிக்கின்றன, பிரேக் திரவம் ஈரத்தை உறிஞ்சுகிறது. குறைந்த தூரம் ஓடிய 993 என்று விளம்பரப்படுத்தப்படும் கார், முறையாக ஓட்டிப் பராமரிக்கப்பட்டதைவிட அதிகச் செலவு வைப்பது அரிதான நிகழ்ச்சி அல்ல.

993-க்கும் தனக்கே உரிய நோய்கள் உண்டு. வால்வுகளின் தண்டு நழுவிச் செல்லும் சிறுகுழாய்களான வால்வு கைடுகள் தேய்ந்து, ஆயில் எரியத் தொடங்குவது அவற்றுள் முதன்மையானது. புகைக்கட்டுப்பாட்டுக்காகச் சிலிண்டர் தலைக்குள் கூடுதல் காற்றைச் செலுத்தும் நுண்துளைகள் கரியால் அடைபடுவது, 1996 முதல் அமெரிக்காவுக்குச் சென்ற கார்களில் எச்சரிக்கை விளக்கை எரியவைத்து, புகைப் பரிசோதனையில் தோல்வியடையச் செய்கிறது. முன் கண்ணாடியைச் சுற்றிய சட்டத்தில் துரு பிடிப்பதும், என்ஜினின் இணைப்புகளில் ஆயில் கசிவதும் இவற்றோடு சேரும். இவை எதுவும் என்ஜினை ஒரே நொடியில் அழிப்பவை அல்ல. மெல்ல வந்து, முன்கூட்டியே தெரிவித்து, செலவு வைப்பவை. பழைய தலைமுறையின் மேல் வல்லுநர்கள் கொண்டிருக்கும் நம்பிக்கைக்கு உண்மையான அடிப்படை இதுவே.

அப்படிப்பட்ட என்ஜினை நிறுவனம் ஏன் கைவிட்டது என்ற கேள்விக்கு, கைவிடாமல் இருந்திருக்க முடியாது என்பதே விடை. ஒலிக்கும் புகைக்கும் சட்டங்கள் விதித்த வரம்பு இறுகிக்கொண்டே வந்தது. புகையைக் குறைத்துத் திறனைக் கூட்டச் சிலிண்டருக்கு நான்கு வால்வுகள் வேண்டும். நான்கு வால்வுகள் நெருங்கி அமர்ந்த சிலிண்டர் தலையில் திரளும் வெப்பத்தைக் காற்றால் மட்டும் அகற்றுவது கடினம். மேலும் 1990-களின் தொடக்கத்தில் போர்ஷே கடுமையான நட்டத்தில் இருந்தது. அப்போது தலைமைப் பொறுப்புக்கு வந்த வெண்டலின் வீடெகிங் ஜப்பானிய உற்பத்தி வல்லுநர்களை அழைத்துத் தொழிற்சாலையின் செலவைக் குறைத்தார். பாக்ஸ்டர் என்ற விலை குறைந்த திறந்தவகைக் காரையும் புதிய 911-ஐயும் ஒரே நேரத்தில் வடிவமைத்து, முன்பகுதியும் கதவுகளும் உள்பாகங்கள் பலவும் இரண்டுக்கும் பொதுவாகும்படி செய்தார்கள். 1996-இல் பாக்ஸ்டரும் 1997-இல் 996 என்ற புதிய 911-உம் நீரால் குளிரும் என்ஜினோடு வெளிவந்தன. நிறுவனம் பிழைத்தது. ஆனால் விலை கூடிய காரை வாங்கியவர்கள், முன்னிருந்து பார்த்தால் தங்கள் காரும் விலை குறைந்த காரும் ஒன்றுபோல் இருப்பதைப் பொறுத்துக்கொள்ளவில்லை. முகப்பு விளக்கும் திரும்பும் திசைகாட்டும் விளக்கும் ஒரே கண்ணாடிக்குள் உருகி வழிந்தாற்போல் அமைந்த வடிவம், 911 என்றால் வட்ட விளக்கு என்று பழகிய கண்களுக்கு அந்நியமாகப்பட்டது.

தோற்றத்தை ஒதுக்கிவிட்டு எண்களை மட்டும் பார்த்தால், 996 எல்லா வகையிலும் முன்னேற்றம். 3.4 லிட்டர் கொள்ளளவில் 300 குதிரைத்திறன், நீளம் 185 மில்லிமீட்டர் கூடியும் எடை 1,370 கிலோவிலிருந்து 1,320 கிலோவாகக் குறைந்தது, காற்றுத்தடை குறைந்தது, உள்ளே இடம் கூடியது. சறுக்கும் காரை மின்னணு முறையில் நேர்ப்படுத்தும் நிலைப்புக் கட்டுப்பாடு, 911 வரிசையில் முதன்முதலாக இந்தத் தலைமுறையின் நான்கு சக்கர இயக்க வடிவத்தில் வந்தது. 2002-ஆம் ஆண்டு வடிவத்தில் என்ஜின் 3.6 லிட்டராகவும் திறன் 320 ஆகவும் உயர்ந்தன. முகப்பு விளக்குகளும் பாக்ஸ்டரிலிருந்து வேறுபட்ட வடிவம் பெற்றன.

ஆனால் எம்96 என்று குறிக்கப்படும் அந்த நீர்க்குளிர்வு என்ஜினின் உள்ளே, இன்றும் வாங்குவோரை அச்சுறுத்தும் சிறு பொருள் ஒன்று அமர்ந்திருக்கிறது. பிஸ்டன்களால் சுழலும் முதன்மைத் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் இயக்கத்தை, வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டுகளுக்குக் கொண்டுசேர்க்க, நடுவில் ஓர் இடைத்தண்டு தேவைப்பட்டது. அந்தத் தண்டு ஒரு முனையில், என்ஜின் ஆயிலின் அழுத்தத்தில் இயங்கும் சாதாரண உராய்வுத் தாங்கியிலும், கிளட்ச் பக்கமுள்ள மறுமுனையில் குண்டுகள் அடங்கிய, கிரீஸ் நிரப்பி இருபுறமும் மூடிய பேரிங் ஒன்றிலும் சுழல்கிறது. காற்றுக்குளிர்வு என்ஜின்களிலும் இடைத்தண்டு இருந்தது. ஆனால் அங்கே அதன் இரு முனைகளும் ஆயில் ஊட்டப்பெறும் உராய்வுத் தாங்கிகளில் ஓடியதால், அது பழுதானதாகப் பேச்சே எழுந்ததில்லை. புதிய என்ஜினில் காலப்போக்கில் பேரிங்கின் மூடி தளர்ந்து, சூடான ஆயில் உள்ளே கசிந்து கிரீஸைக் கரைத்துவிடுகிறது. அதன் பிறகு கிரீஸும் இல்லை, புதிய ஆயில் சுற்றிவரவும் வழியில்லை. குண்டுகள் தேய்ந்து சிதறும்போது தண்டு நடுவிலிருந்து விலகுகிறது, செயின் பல் தாண்டுகிறது, திறந்த வால்வுகளின் மேல் பிஸ்டன்கள் மோதுகின்றன. பல நேரங்களில் ஓட்டுநருக்குக் கிடைக்கும் முதல் அறிகுறியும் இறுதி அறிகுறியும் ஒன்றே.

இந்தக் குறை எல்லா 996-களிலும் ஒரே அளவில் இல்லை என்பது பொதுப்பேச்சில் மறைந்துபோகிறது. தொடக்க ஆண்டுகளின் என்ஜின்களில் இருந்தது இரட்டை வரிசைக் குண்டுகள் கொண்ட பேரிங். அதன் தோல்வி மிக அரிது. 2000-ஐ ஒட்டி ஒற்றை வரிசைப் பேரிங்குக்கு மாறினார்கள். தொல்லை பெரும்பாலும் அதனுடையது. அமெரிக்காவில் தொடரப்பட்ட கூட்டு வழக்கு 2013-இல் உடன்பாட்டில் முடிந்தபோது, அதன் வரம்புக்குள் வந்தவை 2001 மே முதல் 2005 பிப்ரவரி வரை தயாரான பாக்ஸ்டரும் 911-உமே. அந்த வழக்கை ஒட்டிப் பரவலாகச் சொல்லப்பட்ட மதிப்பீட்டின்படி இரட்டை வரிசையில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாகவும், ஒற்றை வரிசையில் நூற்றுக்கு எட்டு அளவிலும் பழுதாயின. அதாவது, மிக மோசமான வகையிலும் பெரும்பான்மைக் கார்கள் பழுதில்லாமல் ஓடின. ஆனால் பழுதானால் என்ஜினே போய்விடும் என்பதால், எட்டு என்ற எண்ணைச் சிறிதென்று தள்ளவும் முடியாது. 2005-க்குப் பின் வந்த என்ஜின்களில் பெரிய பேரிங் வந்தது. அது வலுவானது, ஆனால் என்ஜினை இரண்டாகப் பிளக்காமல் அதை வெளியே எடுக்க முடியாது.

முந்தைய இரு வகைகளையும் கியர்பாக்ஸைக் கழற்றினால் மாற்றிவிடலாம். கிளட்ச் மாற்றும்போதும் கியர்பாக்ஸ் கழற்றப்படத்தான் வேண்டும் என்பதால், இரண்டையும் ஒரே முறையில் செய்துகொள்வது வழக்கமாகிவிட்டது. பீங்கான் குண்டுகள் கொண்ட பேரிங்கும், ஆயிலை நேரே ஊட்டும் இணைப்பும், பழைய என்ஜின்களைப்போல உராய்வுத் தாங்கிக்கே திரும்பும் மாற்றும் சந்தையில் கிடைக்கின்றன. எனவே இந்தக் குறையைப் பற்றிய சரியான கேள்வி, மாற்றிய பட்டறையின் ரசீது இருக்கிறதா, எந்த ஆண்டில் எந்த வகைப் பேரிங் பொருத்தப்பட்டது என்பதே. ரசீது இல்லாத காரில் கிளட்சும் பேரிங்கும் மாற்றும் செலவை விலையிலிருந்து கழித்துக்கொண்டு பேசுவது வாங்குபவரின் உரிமை.

இதைவிடக் கவலைக்குரியது வேறொன்று. அதைப் பற்றிய பேச்சோ ஒப்பீட்டில் குறைவு. எம்96-இலும், 997-இன் முற்பகுதியில் வந்த எம்97-இலும் சிலிண்டர் சுவர் அலுமினியத்தில் சிலிக்கான் துகள்களைப் பதித்து வார்க்கும் லோகாசில் என்ற முறையில் ஆனது. 993-இல் அலுமினியச் சிலிண்டருக்குள் பூசப்பட்ட நிக்கல் சிலிக்கான் கார்பைடு படலம் மிகக் கடினமானது. லோகாசில் அந்த அளவு பொறுமை கொண்டதல்ல. பிஸ்டனின் பக்கவாட்டுப் பூச்சு உரிந்தால் உலோகம் சுவரைக் கீறுகிறது, சுவரிலிருந்து விடுபடும் சிலிக்கான் துகள் மேலும் கீறுகிறது. சிலிண்டர் நெடுக்கோடுகளாகக் கிழிபடும் இந்நிலையையே கீறல் நோய் என்று சொல்லலாம். ஆறாவது சிலிண்டர் உள்ள பக்கத்தில் அது மிகுதி. குளிர்நாடுகளிலும், என்ஜின் சூடாவதற்கு முன்பே நிறுத்தப்படும் சிறுபயணங்களிலும் விரைந்து வருகிறது. 3.8 லிட்டர் என்ஜினில் அடிக்கடியும், 3.6-இல் சற்றுக் குறைவாகவும், தொடக்கத்தின் 3.4-இல் அரிதாகவும் காணப்படுகிறது. பேரிங்கைப்போல் இதை முன்கூட்டியே மாற்றி விலக்க முடியாது. வந்துவிட்டால் என்ஜினைப் பிரித்துச் சிலிண்டர்களுக்குப் புதிய உள்ளுறை போடுவதே வழி, அதன் செலவு காரின் விலையில் பெரும்பகுதியை விழுங்கும்.

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எதிர்பாராத ஒன்று வெளிப்படுகிறது. 996-க்குள்ளேயே மூத்ததும் மலிவானதுமான 1998, 1999 ஆண்டுகளின் 3.4 லிட்டர் கார், வலுவான இரட்டை வரிசைப் பேரிங்கும் கீறல் நோய் அரிதான சிலிண்டர்களும் உடையது. அதன் சிலிண்டர் சுவரில் வெடிப்பு விடும் தனிக்குறை சில என்ஜின்களில் உண்டு என்றாலும், பிந்தைய 3.6 லிட்டரும் அதற்கும் பிந்தைய 997-இன் முதல் 3.8 லிட்டரும் அதைவிடப் பாதுகாப்பானவை என்று சொல்ல இடமில்லை. 2004-இல் வெளியான 997-க்கு வட்ட விளக்குகள் திரும்பி வந்தன, உள்ளமைப்பும் நேர்த்தியாயிற்று. அதனால் விலை ஏறியது. என்ஜினோ ஏறக்குறைய அதே குடும்பம். விலைப்பள்ளத்தின் ஒரு கரையில் வாங்குபவர் விளக்கின் வடிவத்துக்குப் பணம் கொடுக்கிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இதே காலத்தின் டர்போ, ஜிடி3 வடிவங்கள் விதிவிலக்கு. புகழ்பெற்ற பொறியாளர் ஹான்ஸ் மெட்ஸ்கரின் பெயரால் வழங்கும் அவற்றின் என்ஜின், பந்தயத்துக்கான ஜிடி1 காரின் வழியே காற்றுக்குளிர்வு மரபிலிருந்து இறங்கிவந்தது. தனி ஆயில்தொட்டியும் உராய்வுத் தாங்கியில் ஓடும் இடைத்தண்டும் அதில் தொடர்ந்தன. மேற்சொன்ன இரு நோய்களும் அதை அணுகவில்லை. நீர்க்குழாய்களின் இணைப்புகள் பசையால் ஒட்டப்பட்டிருப்பதால் வெப்பத்தில் கழன்று, நடுச்சாலையில் நீர் முழுவதையும் கொட்டிவிடும் குறை மட்டும் அதற்கு உண்டு. பற்றவைத்தோ முளையடித்தோ அதைச் சரிசெய்துவிடலாம். 996 டர்போ 420 குதிரைத்திறன் உடையது. அந்தத் திறனும் அந்த என்ஜினும் சேர்ந்த வேறெந்தக் காரும் அது விற்ற விலைக்கு நெடுங்காலம் கிடைத்ததில்லை.

2008-இல், 997-இன் நடுவயதில், போர்ஷே அடித்தளத்தையே மாற்றியது. வாங்குவோர் 997.2 என்று அழைக்கும் அந்தப் பிற்பகுதிக் காரின் என்ஜினில் இடைத்தண்டு அறவே இல்லை. கேம்ஷாஃப்டுகளை கிராங்க் ஷாஃப்ட்டிலிருந்து நேரே செயின் இயக்குகிறது. சிலிண்டர்கள் அலூசில் என்ற வேறு அலுமினியக் கலவையால் ஆனவை. பெட்ரோலைச் சிலிண்டருக்குள் நேரே தெளிக்கும் முறையால் 3.6 லிட்டரில் 345, 3.8 லிட்டரில் 385 குதிரைத்திறன் கிடைத்தது. ஐந்து கியர் தானியங்கியின் இடத்தில், இரண்டு கிளட்ச் கொண்டு அடுத்த கியரை முன்கூட்டியே தயாராக வைத்திருக்கும் பிடிகே என்ற ஏழு கியர் பெட்டி வந்தது. வால்வின் பின்புறம் கரி படிவது, உயரழுத்தப் பெட்ரோல் பம்பின் கோளாறு, பிடிகேயின் உணரிகள் செயலிழப்பது ஆகியவை இதற்கு உண்டு. எந்த ஒன்றும் என்ஜினை அழிப்பதன்று. ஸ்டியரிங் இன்னும் ஆயில் அழுத்தத்தால் இயங்குவது, உடல் இன்னும் சிறிதாகவே இருப்பது என்ற இரண்டும் சேர்வதால், அன்றாடம் ஓட்டவும் வேண்டும், கவலையும் கூடாது என்போருக்கு இத்தலைமுறையைவிடப் பொருத்தமான 911 இல்லை என்று துணிந்து சொல்லலாம். அதன் விலை ஏறியதும் இந்த ஒரு காரணத்தால் நியாயமே.

2011-இல் வந்த 991-இல் அச்சுகளுக்கிடையிலான தூரம் 100 மில்லிமீட்டர் கூடியது. ஸ்டியரிங் மின்மோட்டாரால் இயங்கத் தொடங்கியது. சாலையின் மேற்பரப்பைக் கைகளுக்குச் சொல்லும் உணர்வு குறைந்தது என்ற புகார் அப்போது எழுந்தது, அது ஆதாரமற்றதும் அல்ல. 2015-இல் அதன் பிற்பகுதி வடிவத்தில் கரேரா எனப்படும் சாதாரண 911-களும் 3 லிட்டர் இரட்டை டர்போ என்ஜினுக்கு மாறின. திறன் 370, 420 எனக் கூடியது, என்ஜின் உச்ச வேகத்தை நோக்கி ஏறும்போது எழும் குரல் மங்கியது. இன்றைய 992 1,852 மில்லிமீட்டர் அகலம் கொண்டது. 993-இன் அகலம் 1,735. ஐரோப்பாவின் பழைய ஊர்ச்சாலைகளில் இந்த 117 மில்லிமீட்டர் வேறுபாடு ஒவ்வொரு எதிர்வண்டியின்போதும் உணரப்படுவது.

சட்டமும் இந்தத் தெரிவில் தலையிடுகிறது. ஜெர்மனியில் முதல் பதிவிலிருந்து 30 ஆண்டுகள் கடந்து நல்ல நிலையில் உள்ள கார் வரலாற்று வாகனமாகப் பதிவுபெறலாம், ஆண்டுக்கு 191.73 யூரோ என்ற ஒரே வரியோடு, நகரங்களின் புகைக்கட்டுப்பாட்டு வலயங்களுக்குள் செல்லும் உரிமையும் அதற்குக் கிடைக்கும். ஆகவே அங்கே மூப்பே சலுகையாகிறது. லண்டனில் நிலைமை நேரெதிர். 2023 ஆகஸ்டு முதல் நகரின் எல்லாப் பகுதிகளிலும் நடப்பிலுள்ள புகைவிதிப்படி, யூரோ 4 என்னும் புகைத்தரத்தை எட்டாத பெட்ரோல் கார் நாளொன்றுக்கு 12.50 பவுண்டு செலுத்த வேண்டும். 40 ஆண்டு கடந்தவற்றுக்கே விலக்கு. எனவே 993 அங்கே இரண்டுங்கெட்டான் நிலையில் நிற்கிறது. பிரிட்டனின் ஆண்டு வரியிலும் விந்தை உண்டு: 2006 மார்ச் 23-க்கு முன் பதிவான 997 உச்ச வரிப்படிகளிலிருந்து தப்புகிறது, அதே தொழிற்சாலையிலிருந்து சில வாரம் பின்னால் வந்து பதிவான, எந்த மாற்றமும் இல்லாத கார், ஆண்டுதோறும் மிகக் கூடுதலாகச் செலுத்துகிறது.

எந்தத் தலைமுறையானாலும், இறுதியில் வாங்கப்படுவது குறிப்பிட்ட ஒரு கார். அதைச் சோதிக்கும் முறையில்தான் பழையதற்கும் புதியதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. நீர்க்குளிர்வுக் கார்களில் முதலில் செய்ய வேண்டியது எளியது: இரண்டு புகைக்குழாய்களின் உள்விளிம்பையும் விரலால் தடவிப் பார்ப்பது. ஒன்று சாம்பல் நிறத்தில் உலர்ந்தும், மற்றது கறுத்து எண்ணெய்ப்பிசுக்கோடும் இருந்தால், அந்தப் பக்கத்துச் சிலிண்டர்களை ஐயப்பட வேண்டும். பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அத்துளை வழியே நுண்கேமராவை இறக்கிச் சுவர்களைப் பார்க்க வேண்டும். அடியிலிருந்து பார்த்தால் கீறல் இன்னும் தெளிவாகத் தெரியும் என்பதால் அனுபவமுள்ள மெக்கானிக்குகள் ஆயில் தொட்டியையும் கழற்றுவார்கள். ஆயில் வடிகட்டியை அறுத்து, மடிப்புகளை விரித்து வெளிச்சத்தில் பிடித்தால் மின்னும் துகள்கள் பேரிங்கின் நிலையைச் சொல்லும். முன் பம்பரின் இரு ஓரத் திறப்புகளுக்குள் விளக்கடித்துப் பார்த்தால், பல ஆண்டுகளாக அள்ளப்படாத சருகுகள் ஈரத்தோடு ரேடியேட்டரின்மேல் படிந்து உலோகத்தை அரித்திருப்பது தெரியவரும். முந்தைய உடைமையாளர் எப்படிப்பட்டவர் என்பதை அந்தச் சருகே காட்டிவிடும். டயரின் பக்கத்தில் உள்ள நான்கு எண்களில் முதலிரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் குறிப்பவை. 2317 என்றிருந்தால் 2017-இன் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. தடம் ஆழமாக இருந்தும் பத்தாண்டு மூத்த டயரோடு விற்பனைக்கு வரும் கார்கள் குறைவல்ல.

996 முதலான கார்களின் என்ஜின் கட்டுப்பாட்டுக் கணினி, பழைய கார்களில் கிடைக்காத சாட்சியம் ஒன்றையும் வைத்திருக்கிறது. தவறான கியரில் போட்டு என்ஜின் எல்லைமீறிச் சுழன்ற தடவைகளை அது எண்ணிப் பதிகிறது. 997-இல் ஆறு படிகளாகப் பிரித்து, இறுதியாக எப்போது நடந்தது என்பதை என்ஜின் ஓடிய மணிக்கணக்கோடு காட்டுகிறது. அந்த மணிக்கணக்கைக் கொண்டு, ஓடிய தூரத்தின் உண்மையையும் சரிபார்க்கலாம். மீட்டர் 40,000 கிலோமீட்டர் என்று காட்ட, என்ஜின் 2,000 மணிநேரம் ஓடியதாகக் கணினி சொன்னால், சராசரி வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் ஆகிறது. நெரிசல் நகரத்தில் மட்டுமே வாழ்ந்த காராக அது இருக்க வேண்டும், இல்லையேல் மீட்டர் திருத்தப்பட்டிருக்க வேண்டும். 993 வாங்குவோருக்கு இந்த வசதி இல்லாததால், அங்கே ரசீதுகளின் தொடர்ச்சிக்கும், சிலிண்டரில் அடைத்த காற்று எவ்வளவு கசிகிறது என்று அளக்கும் சோதனைக்கும் மதிப்பு இரட்டிப்பாகிறது.

இவற்றையெல்லாம் எடைபோட்டால், மிகுந்த ஏளனத்துக்கு உள்ளான 996-இன் பக்கமே நியாயம் சாய்கிறது என்று இக்கட்டுரை கருதுகிறது. சேமித்து வைக்கும் நோக்கமில்லாமல், ஓட்டுவதற்காகவே வாங்கும் நடுத்தர வசதியுள்ளவருக்கு, பேரிங் மாற்றப்பட்டு, சிலிண்டர் சுவர்கள் கேமராவில் சுத்தமாகத் தெரிந்த 996, 993-இன் விலையில் பாதிக்கும் குறைவில் அதைவிட இலகுவான, அதைவிட வேகமான காரையும், இன்றைய கார்களில் மறைந்துபோன ஸ்டியரிங் உணர்வையும் தருகிறது. அதன் குறைகள் கால் நூற்றாண்டாக ஆராயப்பட்டு, எங்கே பார்க்க வேண்டும், எதை மாற்ற வேண்டும் என்பது சிறு பட்டறைகளுக்கும் தெரிந்துவிட்டது. விலையில் மிஞ்சும் பணத்தில் ஒரு பகுதியை என்ஜினுக்கென்று தனியே ஒதுக்கிவைக்காமல் அதை வாங்குவது மட்டும் தவறு. அப்படி ஒதுக்க இயலாதவர் 997.2-க்காகக் காத்திருப்பது நல்லது. 993-ஐ நாடுபவர், அதன் இயந்திரத் தகுதியோடு அதன் அரிய தன்மைக்கும் சேர்த்தே பணம் கொடுக்கிறோம் என்று அறிந்து கொடுப்பதில் குறையேதும் இல்லை.

இருபது ஆண்டுகள் கையில் வைத்திருக்க நினைப்பவருக்கு மற்றொரு கேள்வி எஞ்சுகிறது. இரும்பும் அலுமினியமும் கொண்ட பாகங்களைத் திரும்பச் செய்துகொள்ளலாம். போர்ஷேயின் பழைய கார்ப் பிரிவு காற்றுக்குளிர்வுக் கார்களுக்கான உதிரிப்பாகங்களை இன்றும் விற்கிறது, பழைய முகப்புப் பலகையில் பொருந்தும் புதுக்கால வானொலிக் கருவியைக்கூட உருவாக்கியிருக்கிறது. ஆனால் 991-க்குப் பிந்தைய கார்களில் ஸ்டியரிங், கியர், பிரேக், விளக்கு ஆகிய அனைத்தும் ஒன்றோடொன்று பேசும் டஜன் கணக்கான கட்டுப்பாட்டுக் கணினிகளைச் சார்ந்திருக்கின்றன. அவற்றின் மென்பொருளும் சில்லுகளும் 2040-களில் எந்தப் பட்டறையில் யாரால் சரிசெய்யப்படும் என்பதற்கான ஏற்பாடு இன்னும் உருவாகவில்லை.